பால் வாளியும் மண்டையோடும்

“மண்டையில ஏதாவது இருக்கா?” கெடா மாநிலத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. வாய்பாடு மறந்தால் ஒருமுறை, கூட்டல் தவறினால் ஒருமுறை, மலாய்ப் பாடத்தில் எழுத்துக்கூட்டத் தடுமாறினால் ஒருமுறை என்று கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி அது. கேட்டவர்கள் யாரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை. நாங்களும் பதில் சொன்னதில்லை. பின்னாளில் அந்தக் கேள்வியின் ஒரு பாதிக்கு எண்ணால் பதில் தேடுவதே என் படிப்பாக அமையும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், வகுப்பே சேர்ந்து சிரித்திருக்கும்.

நான் மருத்துவப் படிமவியலில் முதுகலை ஆய்வு செய்து வருகிறேன். எம்.ஆர்.ஐ. கருவியில் எடுக்கப்பட்ட தலைப் படங்களைக் கொண்டு, மண்டையோட்டின் உட்புறத்தில் மொத்தம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணிப்பதுதான் என் ஆய்வின் பெரும்பகுதி. இதற்குத் தமிழில் ‘மண்டையறைக் கொள்ளளவு’ என்று ஒரு பெயர் வைத்துக் கொண்டேன். வீட்டில் இதை விளக்கியபோது மாமா கேட்டார்: “மூளையை அளந்தாலாவது ஒரு பிரயோசனம் இருக்கு. அது இருக்கிற ஓட்டை அளந்து என்னப்பா செய்யப் போற?” நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அவருக்கும், அவரைப் போல் கேட்கக்கூடிய உங்களுக்கும் நான் சொல்லும் பதில்.

மண்டையோட்டுக்குள் மூளை மட்டும் இல்லை. மூளையைச் சுற்றியும் அதன் உள்ளறைகளிலும் தெளிந்த நீர் ஒன்று நிறைந்திருக்கிறது. மூளையைப் போர்த்திய உறைகளும் இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. இவை அனைத்தையும் சேர்த்து மண்டையோட்டின் உட்சுவர் வரையுள்ள மொத்த இடமே மண்டையறைக் கொள்ளளவு. வளர்ந்த மனிதர்களில் பெரும்பாலோருக்கு இது 1,200 மில்லி லிட்டருக்கும் 1,700 மில்லி லிட்டருக்கும் இடையில் அமையும். உயரம், பாரம்பரியம், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் இது மாறுபடும்.

இந்த அளவுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. குழந்தைப் பருவத்தில் மூளை வளர வளர, அது தள்ளும் தள்ளுதலுக்கு ஏற்ப மண்டையோடும் விரிந்து கொடுக்கிறது. ஐந்தாறு வயதுக்குள் மூளை தன் முழு அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. பதின்ம வயது முடிவதற்குள் மண்டையோடு தன் அளவில் நிலைத்துவிடுகிறது. அதன் பிறகு மூளை சுருங்கலாம், மண்டையோடு சுருங்குவதில்லை. அறுபது வயதுக்கு மேல் ஆரோக்கியமானவர்களுக்கும் மூளை ஆண்டுக்குச் சுமார் அரை விழுக்காடு குறைகிறது. அல்சைமர் போன்ற மறதி நோய்களில் இந்தக் குறைவு இன்னும் வேகமாக நடக்கிறது. மூளை விட்ட இடத்தை நீர் நிரப்பிக் கொள்கிறது. ஆகவே, எண்பது வயது முதியவரின் மண்டையறையை அளந்தால், இருபது வயதில் அவருடைய மூளைக்கு எவ்வளவு இடம் தேவைப்பட்டது என்பதை நாம் இன்றும் அறியலாம். அந்த இருபது வயது மூளையை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. ஆனால், அதன் அளவை எலும்பு வைத்திருக்கிறது.

இதை எனக்கு இதைவிட நன்றாக விளக்கியவர் என் பாட்டி. பாடாங் செராய் வட்டாரத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கித்தா மரம் சீவியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். 2016ஆம் ஆண்டில் நான் இந்தத் துறையில் சேர்ந்த புதிதில், “என்னய்யா படிக்கிற?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த வகையில் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்ப மண்டை வாளி, மூளை பாலு, மிச்சம் தண்ணி. அதானே?” என்றார்.

அதுதான். தோட்டத்தில் மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, பால் கொட்டகைக்குக் கொண்டுபோய் நிறுப்பார்கள். ஆனால், வாளி நிறைந்திருப்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போட மாட்டார்கள். மரத்திலிருந்து இறங்கும் பாலில் உலர்ந்த ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மற்றது பெரும்பாலும் நீர். மழை பெய்து மங்கில் தண்ணீர் விழுந்தால் அந்தப் பங்கு இன்னும் குறையும். ஆகவே, கிராணி ஒரு மாதிரியை எடுத்து, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை அதில் மிதக்கவிட்டுப் பாலின் கெட்டியைப் பார்ப்பார். மொத்தப் பாலின் அளவு ஓர் எண். அதில் ரப்பரின் பங்கு இன்னோர் எண். இரண்டும் தெரிந்தால்தான் அன்றைய உழைப்பின் அளவு தெரியும். “வாளி ரொம்பினா மட்டும் போதாது” என்பார் பாட்டி. என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் சொல்ல வருவதும் இதைத்தான்.

இதன் தேவையை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். எண்கள் விளக்கத்திற்காக நானே வைத்துக் கொண்டவை. நினைவைப் பதிய வைப்பதில் பெரும்பங்கு வகிக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி மூளையின் இரு பக்கமும் உண்டு. அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. மண்டையறைக் கொள்ளளவு 1,200 மில்லி லிட்டர் உள்ள ஓர் அம்மாவுக்கு இரு பக்க ஹிப்போகேம்பசும் சேர்ந்து 5.6 மில்லி லிட்டர் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 1,600 மில்லி லிட்டர் உள்ள ஓர் ஐயாவுக்கு அது 6.4 மில்லி லிட்டர். வெறும் எண்ணைப் பார்த்தால் அம்மாவுக்குத்தான் குறைவு. நோய் அவருக்குத்தான் என்று தோன்றும். தத்தம் மண்டையறையால் வகுத்துப் பாருங்கள். அம்மாவுக்கு 0.47 விழுக்காடு, ஐயாவுக்கு 0.40 விழுக்காடு. நிலைமை தலைகீழாகிவிடுகிறது. சிறிய தலையில் சிறிய மூளை இருப்பது இயல்பு, அது நோயன்று. பெரிய தலையில் நடுத்தர அளவு மூளை இருந்தால், அங்கே எதையோ இழந்திருக்கலாம். ஆய்வுகளில் வெறுமனே வகுப்பதோடு நில்லாமல் வேறு புள்ளியியல் முறைகளையும் பயன்படுத்துவார்கள் என்றாலும் அடிப்படை இதுவே. ஒருவருடைய இழப்பை அவருடைய சொந்த வாளியைக் கொண்டே அளக்க வேண்டும்.

மாமாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால், அளப்பது எப்படி? உயிருள்ள மனிதரின் மண்டைக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்க்க முடியாதே!

எம்.ஆர்.ஐ. கருவி எக்ஸ்ரே கதிர்களைப் பயன்படுத்துவதில்லை. வலிமை மிக்க காந்தப் புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு, நம் உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் சமிக்ஞையைப் பெற்றுப் படமாக்குகிறது. இக்கருவியின் வளர்ச்சிக்காகப் பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்பீல்டு ஆகிய இருவருக்கும் 2003ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. தலையை ரொட்டித் துண்டுகளாக அறுத்து அடுக்கியதைப் போலப் படங்கள் வரும். ஒவ்வொரு படமும் சிறு சிறு கட்டங்களால் ஆனது. ஒரு கட்டம் பெரும்பாலும் பக்கத்திற்கு ஒரு மில்லி மீட்டர் கொண்ட ஒரு கனசதுரம். அப்படிப்பட்ட ஆயிரம் கட்டங்கள் சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். மண்டையறைக்குள் விழும் கட்டங்களை எண்ணினால் கொள்ளளவு கிடைத்துவிடும். பதினான்கு இலட்சம் கட்டங்கள் என்றால் 1,400 மில்லி லிட்டர்.

சொல்வது எளிது. எந்தக் கட்டம் உள்ளே, எந்தக் கட்டம் வெளியே என்று பிரிப்பதில்தான் சிக்கல். மூளை ஆய்வுகளில் அதிகமாக எடுக்கப்படும் டி1 வகைப் படத்தில் மூளை தெளிவாகத் தெரியும். ஆனால், மூளையைச் சூழ்ந்த நீரும் கறுப்பு. அதற்கு அப்பாலுள்ள எலும்பும் கறுப்பு. இருட்டு வீட்டில் சுவர் எங்கே என்று தடவிப் பார்ப்பது போன்ற வேலை. டி2 வகைப் படத்தில் நீர் வெள்ளையாகத் தெரிவதால் எல்லை துலங்கும். ஆனால், எல்லாருக்கும் அந்தப் படம் அதே நேர்த்தியுடன் எடுக்கப்பட்டிருக்காது. கீழ்ப்பக்கம் இன்னொரு தொல்லை. மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் பெரிய துளை ஒன்று உண்டு. அந்த வாசலில் எந்த இடத்தில் கோட்டைப் போடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, எல்லாப் படத்திலும் அதே விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். வயதான பெண்களில் சிலருக்கு நெற்றி எலும்பின் உட்புறம் தடித்துப் போயிருக்கும். அங்கே மண்டையோடு மாறுவதில்லை என்ற விதியே சற்று ஆட்டம் காண்கிறது.

கையால் வரைவதே இன்றும் நம்பகமான முறையாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு படத்திலும் உட்சுவரைச் சுற்றிக் கோடு வரைந்து, அதற்குள் அடங்கும் பரப்பைக் கணக்கிட்டு, எல்லாப் பரப்புகளையும் கூட்டி, படங்களுக்கு இடையிலுள்ள தூரத்தால் பெருக்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கணித அறிஞர் கவலியேரியின் பெயரால் வழங்கும் கோட்பாடு இது. ஒரு சென்டி மீட்டர் இடைவெளியில் 14 படங்கள், சராசரிப் பரப்பு 100 சதுர சென்டி மீட்டர் என்றால், 1,400 மில்லி லிட்டர். எல்லாப் படங்களிலும் வரைய வேண்டியதில்லை. பத்துக்கு ஒன்று வரைந்தாலே போதிய துல்லியம் கிடைக்கும் என்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வாளர்களுக்கு என் கண்களும் வலது மணிக்கட்டும் நன்றிக்கடன் பட்டிருக்கின்றன.

ஆயிரக்கணக்கான படங்களை வைத்துக் கொண்டு கையால் வரைய முடியாது. அதனால் மென்பொருள்கள் வந்தன. இலண்டனில் உருவான எஸ்.பி.எம். என்னும் மென்பொருள், மூளையின் சாம்பல் நிறப் பகுதி, வெண்ணிறப் பகுதி, நீர் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்துக் கூட்டித் தருகிறது. பாலும் தண்ணீரும் சேர்ந்தது வாளி என்ற கணக்கு. ஃப்ரீசர்ஃபர் என்னும் இன்னொரு மென்பொருள் வேறு வழியில் போகிறது. அது மண்டையறையை நேரடியாக அளப்பதில்லை. பலருடைய தலைகளைச் சராசரியாக்கிச் செய்த ஒரு மாதிரித் தலையோடு உங்கள் தலையைப் பொருத்திப் பார்க்கிறது. பொருந்துவதற்கு எவ்வளவு பெரிதாக்க வேண்டியிருந்தது, எவ்வளவு சிறிதாக்க வேண்டியிருந்தது என்பதைக் கொண்டு கொள்ளளவை மதிப்பிடுகிறது. இந்த வழியை விளக்கும் ஆய்வு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. அளவு என்று சொல்லாமல் ‘மதிப்பீடு’ என்றே அதற்குப் பெயர் வைத்திருப்பது நேர்மை.

இந்த மென்பொருள் அமெரிக்காவில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவமனை ஒன்றின் ஆய்வு மையத்தில் வளர்ந்தது. எங்கள் ஊரில் ஹார்வார்ட் என்றதும் யாருக்கும் பல்கலைக்கழகம் நினைவுக்கு வராது. பீடோங்குக்கு அருகிலுள்ள ஹார்வார்ட் தோட்டமும் அதன் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும்தான் நினைவுக்கு வரும். “ஹார்வார்டில் செஞ்ச சாமான்” என்று நான் சொன்னபோது, “எந்தப் பிரிவு?” என்று கேட்டவர்களும் உண்டு. சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்த மாதிரித் தலை யாருடையது என்பது முக்கியமான கேள்வி. மூளை ஆய்வில் நெடுங்காலம் பயன்பட்ட தலேராக் வரைபடம், பிரான்சு நாட்டு மூதாட்டி ஒருவரின் மூளையை அடிப்படையாகக் கொண்டது. அதற்குப் பின் வந்த மாதிரிகள் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான படங்களின் சராசரி. தோட்டத்து மூதாட்டியின் தலையை மாண்ட்ரியால் தலையோடு பொருத்தும்போது, பொருத்தம் சரியாக விழுந்ததா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். 2019ஆம் ஆண்டில் ஐதராபாத்திலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தினர் 100 இந்தியர்களின் படங்களைக் கொண்டு இந்திய மூளை வரைபடம் ஒன்றை வெளியிட்டனர். இந்தியத் தலைகள் சராசரியில் மேலைநாட்டு மாதிரியைவிடச் சற்றுச் சிறியவை என்று அவர்கள் கண்டனர்.

இந்த இடத்தில் சிலருக்கு மனம் சுருக்கென்றிருக்கும். எனக்கும் இருந்தது. சிறிய தலை என்றால் சிறிய அறிவு என்று சொல்ல வருகிறார்களா? இல்லை. ஆனால், அப்படிச் சொன்ன காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் சாமுவேல் மார்ட்டன் என்னும் மருத்துவர் பல நாட்டு மண்டையோடுகளைத் திரட்டினார். முதலில் வெண்கடுகை நிரப்பி அளந்தார். கடுகு அமுங்கி அமுங்கி வெவ்வேறு அளவு காட்டியதால் பின்னர் ஈயக் குண்டுகளை நிரப்பினார். 1839ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். அவருடைய அளவுகள் மனித இனங்களை மேல், கீழ் என்று அடுக்கப் பயன்பட்டன. அடிமை முறையை ஆதரித்தவர்கள் அவற்றைத் தூக்கிப் பிடித்தனர். அவர் அளந்தது சரியா தவறா என்று பிற்காலத்து அறிஞர்கள் நெடுநாள் வாதிட்டனர். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: அளவு சரியாக இருந்தாலும் அவர்கள் அதற்குக் கொடுத்த பொருள் தவறு. வாளியைப் பார்த்துவிட்டு மரத்தின் சாதியைச் சொன்ன கதை அது.

ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2 கிலோவைத் தாண்டியது. பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்சின் மூளை 1 கிலோவுக்குச் சற்றே அதிகம். ஏறத்தாழ அதில் பாதி. 1921ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசு அந்தப் பாதி மூளைக்காரருக்குத்தான் கிடைத்தது. மூளையின் பருமனுக்கும் அறிவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இடையில் ஆய்வாளர்கள் கண்ட தொடர்பு மிக மெல்லியது. அதை வைத்துத் தனி ஒருவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மண்டையறைக் கொள்ளளவை நாங்கள் கணிப்பது ஆளுக்கு ஆள் ஒப்பிடுவதற்காக அன்று. அந்த ஒப்பீட்டைத் தவிர்ப்பதற்காகவே கணிக்கிறோம். தலையளவு வேறுபாட்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால், மிஞ்சுவது ஒருவர் தம்மிடமிருந்து எவ்வளவு இழந்தார் என்பது மட்டுமே.

இதையெல்லாம் நான் ஏட்டில் படித்துக் கொண்டிருந்த நாளில்தான் பாட்டிக்கு மறதி தொடங்கியது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு சுங்கைப் பட்டாணியில் மாமா வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வரத் தெரியாமல் நின்றார். 2023ஆம் ஆண்டில் அவருக்கு எண்பது வயது. மருத்துவமனை ஒன்றில் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அறிக்கையில் மூளை சுருங்கியிருப்பதாக எழுதியிருந்தது. எவ்வளவு என்று எண் இல்லை. அன்றாட மருத்துவத்தில் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

குடும்பத்தாரின் சம்மதத்தோடு அந்தப் படங்களின் பிரதியைப் பெற்று, என் மேற்பார்வையாளருடன் சேர்ந்து அளந்து பார்த்தேன். நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. அதில் நாங்கள் தலையிடவில்லை. கற்றுக் கொண்டதைப் பாட்டியிடமிருந்தும் கற்றுக் கொள்வோம் என்றுதான் செய்தேன்.

மாதிரித் தலையோடு பொருத்தும் மென்பொருள் கொடுத்த எண் 1,280 மில்லி லிட்டர். பொருத்தத்தைத் திரையில் பார்த்தபோது உச்சிப் பக்கத்தில் சற்றுத் தள்ளியே விழுந்திருந்தது. படமெடுக்கும்போது பாட்டி தலையைச் சாய்த்திருக்கிறார். பிறகு கையால் வரைந்தோம். நான் ஒருமுறை, மேற்பார்வையாளர் தனியே ஒருமுறை. இருவருடைய எண்களும் மிக நெருங்கி வந்தன: 1,190. மூளைத் திசு 905 மில்லி லிட்டர். மென்பொருளின் எண்ணால் வகுத்தால் மண்டையறையில் 71 விழுக்காடுதான் மூளை. கையால் வரைந்த எண்ணால் வகுத்தால் 76 விழுக்காடு. ஒரே பாட்டி, ஒரே படம். வாளியின் அளவை 90 மில்லி லிட்டர் கூட்டிச் சொன்னதால் பாட்டிக்குப் பத்தாண்டுக்கு மேல் மூப்பு கூடிவிட்டது. மொத்த மூளையைப் பொறுத்தவரை அவர் வயதுக்கு அது மோசமான இழப்பன்று. ஆனால், ஹிப்போகேம்பஸ் அவருடைய சிறிய தலைக்கும் ஈடாகாத அளவுக்கு இளைத்திருந்தது. நோய் இருந்தது. அது எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பது அந்த வகுத்தலுக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்த 1,190 என்ற எண்ணை நான் நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தேன். பாட்டி பிறந்தது 1943ஆம் ஆண்டில். ஜப்பானியர் கெடாவைச் சயாமிடம் ஒப்படைத்த ஆண்டு அது. பாட்டியின் அப்பா சயாம் இரயில் பாதை வேலைக்குப் போனவர்; திரும்பவில்லை. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை உண்டு தோட்டமே உயிர் வாழ்ந்த காலம். மூளையும் மண்டையோடும் மிக வேகமாக வளரும் முதல் ஆண்டுகளைப் பாட்டி அந்தப் பசியில் கழித்திருக்கிறார். குழந்தைப் பருவத்து ஊட்டக் குறைவு தலை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது அறியப்பட்ட உண்மை. அதற்காக, பாட்டியின் தலை பசியால்தான் சிறுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருமே குள்ளம், தலையும் அதற்கேற்றதுதான். ஒரு தலையை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. ஆனால், அந்தத் தலைமுறையைப் பெரிய தலைகளின் சராசரியோடு ஒப்பிட்டு, குறைந்ததெல்லாம் நோய் என்று எழுதிவிடக்கூடாது என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

படத்தைவிடப் பெரிய சிக்கல் கேள்வித்தாளில் இருந்தது. மறதி நோயைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் கேள்வித்தாள்களில் ஒன்று 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவானது. மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, இது எந்த இடம் என்பவற்றோடு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஒன்றோடு ஒன்று பின்னிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பாட்டி வாழ்நாளில் பிடித்தது சீவும் கத்தி; பென்சிலைப் பிடித்ததில்லை. நம் நாட்டில் 2018ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய நலவாழ்வு ஆய்வில், அறுபது வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்று கணக்கிடப்பட்டது. முறையான கல்வி பெறாதவர்களிடையே அந்த விழுக்காடு அதிகம். அவர்களுள் எத்தனை பேருக்கு மறந்துவிட்டது, எத்தனை பேருக்குக் கற்றுக் கொடுக்கப்படவே இல்லை என்பதை மதிப்பெண் மட்டும் பிரித்துக் காட்டாது.

முதலில் பார்த்த இடத்தில், “படிக்காதவங்க, வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது மருத்துவர் தமிழ் தெரிந்தவர். அவர் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்: “முன்னாடி எப்படி இருந்தாங்கம்மா?”

அம்மா சொன்னார்: “எழுத்துத் தெரியாதுங்க டாக்டர். ஆனா லயத்துல இருபது பேரு சீட்டுக் கணக்கையும் மனசுலேயே வச்சிருப்பாங்க. யாரு எந்த மாசம் எடுத்தா, யாரு எவ்வளவு பாக்கி, ஒரு காசு தப்பாது. இப்ப என் பேரையே ரெண்டு தடவ யோசிச்சுத்தான் கூப்பிடறாங்க.”

மருத்துவர் அதை எழுதிக் கொண்டார். சிகிச்சை அந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்கியது. மண்டையோடு மூளையின் பழைய அளவைச் சொல்வதைப் போல, பாட்டியின் பழைய திறமையின் அளவை அம்மா சொன்னார். இருபது பேர் சீட்டுக் கணக்கு என்பது அவருடைய வாளி. அதிலிருந்து மகள் பெயர் தடுமாறும் நிலைக்கு இறங்கியது எவ்வளவு பெரிய இறக்கம் என்பது அதன் பிறகுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது. அம்மா அன்று உடன் போகாமல் இருந்திருந்தால் அந்த வாளியின் அளவு யாருக்கும் தெரிந்திருக்காது.

மூளையின் பருமனுக்கு இயற்கை ஓர் அடையாளத்தை எலும்பில் விட்டு வைத்திருக்கிறது. நினைவுக்கும் திறமைக்கும் அப்படி ஓர் ஓடு கிடையாது. போன பின் அளக்க முடியாது. தோட்டத்தில் உடன் வாழ்ந்தவர்கள் அந்த வேலையைத் தெரியாமலேயே செய்து வந்தார்கள். பெரட்டுக் களத்தில் காலையில் பார்த்தவர்கள், பக்கத்து நிரையில் மரம் சீவியவர்கள், ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுப் போனவர்கள் எல்லாருக்கும் ஒருவர் எப்படிப்பட்டவர் என்று தெரியும். இன்று அந்தக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்து மக்கள் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் பினாங்கிலும் தனித்தனி வீடுகளில் வாழ்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நம் பாட்டி என்றால் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி மட்டுமே. அவர் முன்பு எப்படி இருந்தார் என்று சொல்ல நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை.

இந்த இதழைப் படிக்கும் நண்பர்களில் பலர் என்னைப் போலவே, பாட்டியும் தாத்தாவும் வளர்த்த பிள்ளைகளாக இருப்பீர்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் மனக்கணக்காக எதைப் போடுகிறார்கள், எத்தனை பேருடைய பெயரும் உறவும் சொல்கிறார்கள், எந்த வழியில் தனியே போய் வருகிறார்கள், எந்தச் சமையலை யாரிடமும் கேட்காமல் செய்கிறார்கள், எந்தப் பாட்டை முழுதாகப் பாடுகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் நன்றாக இருக்கும்போதே பாருங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாள் வந்தால் அந்தத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அது எந்தக் கேள்வித்தாளிலும் இல்லாத தகவல். இன்றே ஒரு தாளை எடுத்து வையுங்கள். எழுதும்போது மறவாமல் தேதியைப் போடுங்கள்.